பழி குளிர் காற்றின் மேலா?
டில்லிப் புகையும் ஆள்வோர் புளுகும்

டில்லி நகரத்தில் வருஷம் தவறாமல் ஒரு நாடகம் நடக்கிறது. ஐப்பசி பிறந்ததும் திரை தூக்குகிறது. தை முடியும்போதுதான் விழுகிறது. இந்த மாதங்களில் தலைநகரத்துச் சூரியன் களிம்பேறிய செப்புக் காசு போலத் தெரிகிறது. பள்ளிக்கூடங்களை மூடுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இருமுகிற குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார் வரிசையில் நிற்கிறார்கள். உடனே மந்திரிகளும் அதிகாரிகளும் பெரிய பத்திரிகைகளும் ஒரே பல்லவியைப் பாடத் தொடங்குகிறார்கள்: "இது இயற்கையின் கோளாறு. காற்று நின்றுவிட்டது. குளிர் இறங்கிவிட்டது. போதாக்குறைக்குப் பஞ்சாப் விவசாயி வைக்கோலைக் கொளுத்துகிறான். சர்க்கார் என்ன செய்யும்?"

டில்லி எங்கேயோ இருக்கிறது, அந்தப் புகைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பல்லவியின் பெயரால் ஆலைத் தொழிலாளியின் வேலை பறிபோயிருக்கிறது. கட்டடத் தொழிலாளியின் கூலி பறிபோகிறது. கழனியில் பாடுபடுகிறவன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறான். ஆகவே இந்தப் புளுகை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்ப்பது நம் வேலையே.

பாதி உண்மை

முழுப் பொய்யை மறுப்பது சுலபம். பாதி உண்மை கலந்த பொய்தான் ஆபத்தானது. ஆகவே முதலில் அந்தப் பாதி உண்மையைப் பார்ப்போம்.

சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறவனுக்கு ஒரு பாக்கியம் உண்டு. பகல் ஏறியதும் கடல் காற்று வருகிறது. இரவில் கரைக் காற்று கடலுக்குப் போகிறது. இந்தப் போக்குவரத்தில் நகரத்தின் புகையில் ஒரு பகுதி தினமும் வெளியேறிவிடுகிறது. டில்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடல் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வடக்கே இமயமலை பெரும் மதில் போல நிற்கிறது. தென்மேற்கே ஆரவல்லிக் குன்றுகள். அதற்கப்பால் தார் பாலைவனம். லாகூரிலிருந்து பாட்னா வரை நீண்டு கிடக்கும் சமவெளி ஒரு நீளமான தொட்டி. அந்தத் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது டில்லி.

இனிப் பருவம். சித்திரை, வைகாசியில் வெயில் தரையைப் பொசுக்குகிறது. சுட்ட காற்று மேலே எழும்புகிறது. கோடைப் பிற்பகலில் புகை இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலே ஏறிக் கலைந்துபோகிறது. பாலைவனத்துப் புழுதிக் காற்று அந்த நாட்களில் வீசுவது மெய்தான். ஆனால் அந்தப் புழுதியில் பெரும்பகுதி பருமனானது. மூக்கும் தொண்டையும் அதில் பெரும் பங்கைத் தடுத்து நிறுத்திவிடும். ஜூன் கடைசியில் தென்மேற்குப் பருவமழை வருகிறது. மூன்று மாதம் ஆகாயத்தை அலசிவிடுகிறது. ஆவணியில் டில்லிக்குப் போனவர்கள் நீல வானத்தைப் பார்த்திருப்பார்கள்.

செப்டம்பர் கடைசியில் மழை விடைபெறுகிறது. வடமேற்கிலிருந்து காற்று மெதுவாக ஊர்ந்து வரத் தொடங்குகிறது. சில நாட்களில் அதுவும் அசையாமல் நிற்கிறது. இரவு நீளுகிறது; தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே கிடக்கிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு தட்டாகப் படிந்துவிடுகிறது. பானைக்கு மூடி போட்ட மாதிரி! கீழே உள்ள புகை அந்த மூடியைத் தாண்டி மேலே போக முடியாது. மார்கழி விடியலில் அடுப்புப் புகை கூரைக்கு மேலே எழும்பாமல் தெருவோடு படுத்துக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். போகி அன்று கொளுத்திய புகை சூரியன் ஏறும்வரை கலையாமல் நிற்பதும் இதே காரணத்தால்தான். நமக்குச் சில விடியல்கள். டில்லிக்கு மாதக் கணக்கில்.

கோடையில் கிலோமீட்டர் கணக்கில் உயரமாக இருந்த இடம் குளிர்கால இரவில் சில நூறு மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. பத்து மரக்கால் கொள்ளும் குதிரில் போட்டதை ஒரு மரக்காலுக்குள் திணித்தால் என்ன ஆகும்? அதுதான் டில்லியில் நடக்கிறது.

இவ்வளவும் உண்மை. விஞ்ஞானம். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்போம்: மூடி போட்டது இயற்கை, பானைக்குள் புகையைப் போட்டது யார்?

"கடவுளின் செயல்"

இந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்வது முதலாளித்துவத்தின் பழைய தந்திரம். அமெரிக்காவில், பென்சில்வேனியா ராஜ்யத்தில், டோனோரா என்று ஒரு ஆலை ஊர். ஆறு குதிரை லாடம் போல வளைந்தோடுகிறது, சுற்றிலும் குன்றுகள். ஜனத்தொகை சுமார் 14,000. உருக்காலையும் துத்தநாக ஆலையும் ஆற்றங்கரை நெடுகப் புகை கக்கின. அவை யு.எஸ். ஸ்டீல் என்ற மாபெரும் ஏகபோகத்துக்குச் சொந்தம்.

1948 அக்டோபர் கடைசி வாரத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் மேல் இதே மூடி விழுந்தது. காற்று நின்றது. ஆலைகள் நிற்கவில்லை. பட்டப்பகலில் எதிரே வருகிறவன் முகம் தெரியவில்லை. ஊரில் ஏறக்குறையப் பாதிப் பேர் நோயில் விழுந்தார்கள். 20 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். துத்தநாக ஆலையின் உலைகளைத் தணித்தது எப்போது? அக்டோபர் 31 காலையில். இருபது குடும்பங்களில் அழுகுரல் கேட்ட பிறகு! அன்றைக்கே மழையும் வந்தது, புகை கரைந்தது.

கம்பெனி கோர்ட்டில் சொன்ன பதில் என்ன தெரியுமா? "இது கடவுளின் செயல், வானிலையின் கோளாறு, நாங்கள் பொறுப்பல்ல." வருஷக் கணக்காகத் தாங்கள் கக்கிய புகையை விட்டுவிட்டு, ஐந்து நாள் நின்றுபோன காற்றின் மேல் பழியைப் போட்டார்கள். குன்று கொன்றதாம், குளிர் கொன்றதாம், உலை மட்டும் கொல்லவில்லையாம்!

முக்கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. இன்றைக்கு டில்லியில் கேட்பது அதே வாதம். பாஷை மட்டும் வேறு. மாசுக் காற்றால்தான் இத்தனை பேர் செத்தார்கள் என்று நிரூபிக்கத் தீர்மானமான புள்ளிவிவரம் இல்லை என்று பார்லிமெண்டிலேயே பல தடவை சர்க்கார் பதில் சொல்லியிருக்கிறது. செத்தவன் சாட்சி சொல்ல வரமாட்டான் என்ற தைரியம்!

புகை யாருடையது?

மனிதனைக் கொல்லுவது கண்ணுக்குத் தெரியும் புழுதியல்ல, நுண்தூசு. தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இராது. மூக்கில் தங்காது; நுரையீரலின் அடிவரை போகும்; ரத்தத்திலும் கலக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் இந்த நுண்தூசு வருஷ சராசரியில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது. நமது சர்க்கார் 2009-ல் வகுத்த அளவு 40. டில்லியில் சில ஆண்டுகளாக வருஷ சராசரியே 100-ஐ ஒட்டி நிற்கிறது. சர்க்கார் தானே போட்ட வரம்பைப் போல் இரண்டரை மடங்கு!

எங்கிருந்து வருகிறது இது? 2018-ல் வெளியான ஒரு விரிவான ஆராய்ச்சியின்படி, டில்லியின் குளிர்கால நுண்தூசில் ஏறக்குறைய 30 சதவீதம் மின்நிலையங்கள் உள்ளிட்ட தொழில்களுடையது. 28 சதவீதம் போக்குவரத்தினுடையது. தொழில் என்றதும் தொழிலாளி என்று நினைக்க வேண்டாம். உலையில் எந்த எரிபொருளைப் போடுவது, புகைபோக்கியில் வடிகட்டி வைப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவன் கொதிகலன் முன்னால் வேகிறவன் அல்ல.

மின்நிலையங்களின் கதையைக் கேளுங்கள். நிலக்கரி எரியும்போது கந்தக வாயு வெளிவருகிறது. புகைபோக்கியை விட்டு வாயுவாகக் கிளம்பியது, காற்றோடு போகும் வழியில் நுண்தூசாக மாறிவிடுகிறது. இதைத் தடுக்கக் கருவி உண்டு. 2015 டிசம்பரில் சர்க்கார் விதி செய்தது. இரண்டு வருஷத்தில் எல்லா நிலையங்களும் கருவி பூட்ட வேண்டும் என்றது. 2017 போயிற்று, கெடுவை நீட்டினார்கள். மறுபடியும் நீட்டினார்கள். கடைசியில் 2025 ஜூலையில் முக்கால்வாசிக்கு மேற்பட்ட நிலையங்களுக்குக் கருவியே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். நமது நிலக்கரியில் கந்தகம் குறைவாம், செலவு அதிகமாம். தலைநகரப் பிரதேசத்தையும் பெரிய நகரங்களையும் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு மட்டும் 2027 கடைசி வரை கெடு.

பத்துக் கிலோமீட்டர்! பஞ்சாப் வைக்கோல் புகை முந்நூறு கிலோமீட்டர் பறந்து வந்து டில்லியைத் திணறடிக்கிறது என்று சத்தியம் செய்கிற அதே வாய்தான், மின்நிலையத்துப் புகை பதினோராவது கிலோமீட்டரில் நின்றுவிடும் என்கிறது. விவசாயியின் புகைக்குச் சிறகு முளைக்கிறது. நிலக்கரிப் புகைக்குக் கால் ஒடிந்துபோகிறது. இது எந்தப் பூகோளம்?

அடுத்தது போக்குவரத்து. டில்லியில் 10,000 பஸ்கள் ஓட வேண்டும், 2001 ஏப்ரலுக்குள் ஓட வேண்டும் என்று 1998-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. கால் நூற்றாண்டு ஆயிற்று. அந்த எண்ணிக்கையை எட்டியபாடில்லை. 2002-க்குள் பஸ்களும் ஆட்டோக்களும் எரிவாயுவுக்கு மாறின, நல்ல காரியம்தான். ஆனால் கிடைத்த நன்மையை லட்சக் கணக்கில் பெருகிய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் விழுங்கிவிட்டன. பஸ் விடாத சர்க்கார் மேம்பாலம் கட்டிற்று. காருக்கு வழி; கால்நடையாகப் போகிறவனுக்குப் புகை!

வைக்கோல் கொளுத்தும் விவசாயி

"அப்படியானால் பஞ்சாப் விவசாயி கொளுத்துவதே இல்லையா?" என்று கேட்கலாம். கொளுத்துகிறான். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் சில நாட்களில் டில்லியின் நுண்தூசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் புகை என்று கணக்குகள் சொல்லியிருக்கின்றன. இதை மறைப்பதால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் அவன் ஏன் கொளுத்துகிறான்?

நம் ஊரில் வைக்கோல் என்றால் மாட்டுக்குத் தீனி. போர் போட்டுக் காப்போம். பஞ்சாபில் மாட்டுக்குக் கோதுமை வைக்கோல்தான் தீனி. நெல் வைக்கோலை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. நெல்லும் அந்த மண்ணின் பழைய பயிரல்ல. 1960-களில் "பசுமைப் புரட்சி" வந்தது. நாட்டுக்கு அரிசி வேண்டும் என்று சர்க்கார் கேட்டது. விலை உத்தரவாதம் கொடுத்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. நெல் பரவியது. பூமிக்கடியில் தண்ணீர் வற்றியது. மழைக்கு முன்னால் நாற்று நட்டால் தண்ணீர் அதிகம் போகிறது என்று 2009-ல் பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் சட்டம் வந்தது: ஜூன் மத்தி வரை நடவு கூடாது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல் அறுத்துக் கோதுமை விதைப்பதற்கு இடையே இருப்பது இரண்டு மூன்று வாரமே. காற்று நின்று மூடி விழுகிற அதே வாரங்கள்!

அரிவாளால் அறுத்த காலத்தில் கதிர் தரையோடு போயிற்று. வைக்கோல் களத்துக்கு வந்தது. கூலியாள்களுக்கு வேலையும் இருந்தது. அறுவடை யந்திரம் வந்தது. தலையை மட்டும் கொய்து, தாளை வயலிலேயே விட்டுவிடுகிறது. அறுவடைக் கூலி போயிற்று, தாளடி மிஞ்சிற்று. அதை அகற்ற யந்திரம் வேண்டும், டீசல் வேண்டும், ஆள் வேண்டும். கடனில் மூழ்கியவனிடம் ஒரு தீக்குச்சிதான் இருக்கிறது.

கொளுத்தாத சிறு விவசாயிக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் கொடு என்று 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அது நிரந்தர ஏற்பாடாக நிலைக்கவே இல்லை. ஆனால் அபராதம் போட மட்டும் பணமும் ஆளும் தேவைப்படவில்லை! 2024 நவம்பரில் அபராதத்தை இரட்டிப்பாக்கினார்கள்: இரண்டு ஏக்கருக்குக் கீழே உள்ளவனுக்கு 5,000, ஐந்து ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000.

இன்னொன்றையும் பாருங்கள். சர்க்கார் கணக்கின்படி பஞ்சாபில் வைக்கோல் தீ 2020-ல் 83,002, 2022-ல் 49,922, 2024-ல் 10,909. செயற்கைக்கோள் கடந்துபோன பிறகு சிலர் கொளுத்துகிறார்கள், கணக்கு முழுசல்ல என்கிறார்கள். இருக்கட்டும். பாதிதான் குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். டில்லியின் காற்றும் அந்த அளவுக்குத் தெளிந்திருக்க வேண்டுமே? 2024 நவம்பர் 18 அன்று, 500-க்கு மேல் எண்ணே இல்லாத காற்றுத் தரக் கணக்கில் டில்லி 490-ஐத் தாண்டியது. டிசம்பரிலும் ஜனவரியிலும் பஞ்சாபில் வைக்கோலே மிச்சமில்லை. கோதுமை முளைத்துப் பச்சென்று நிற்கிறது. அப்போதும் டில்லியில் மூச்சு முட்டுகிறதே, அது எந்த விவசாயி மூட்டிய தீ?

அணைவது யார் வீட்டு அடுப்பு?

காற்று மிகவும் கெட்டுப்போனால் படிப்படியாக நடவடிக்கை எடுப்பதாக 2017-லிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. அதன் கடுமையான படிகளில் என்ன நடக்கிறது? கட்டட வேலை நிறுத்தம். லாரிகளுக்குத் தடை. மண் சுமக்கிற பெண்ணுக்கும், கல் உடைக்கிறவனுக்கும், மூட்டை இறக்குகிறவனுக்கும் அன்றோடு கூலி நின்றுவிடுகிறது. ஆபீஸ் உத்தியோகஸ்தர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்; சம்பளம் வரும். செங்கல்லை வீட்டிலிருந்து சுமக்க முடியுமா?

கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நலநிதிக்குப் போக வேண்டும் என்று 1996 முதல் சட்டம் உண்டு. அந்த நிதியிலிருந்து வேலையிழந்த நாட்களுக்குப் பணம் கொடு என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2024-ல் டில்லியில் தலைக்கு 8,000 ரூபாய் என்று பேச்சு. முதலில் கொடுத்தது 2,000! கோர்ட் அதட்டிய பிறகே மீதிக்கு வழி பிறந்தது. அதுவும் பதிவேட்டில் பெயர் உள்ள சுமார் 90,000 பேருக்குத்தான். பீகாரிலிருந்தும் புந்தேல்கண்டிலிருந்தும் வந்து, மேஸ்திரி கை காட்டிய இடத்தில் வேலை செய்கிறவனுக்குப் பதிவேடு ஏது?

ஆலைத் தொழிலாளர்கள் இந்தப் பாடத்தை முன்னமே படித்துவிட்டார்கள். 1996 ஜூலையில் டில்லியின் 168 தொழிற்சாலைகளை நவம்பர் 30-க்குள் மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அவற்றில் பழம்பெரும் துணி ஆலைகளும் இருந்தன. நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பில் எழுதியிருந்தது. ஆனால் நஷ்டஈடு கேட்க மஸ்டர் ரோலில் பெயர் வேண்டுமே! பதிலிகளும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களும் வெறுங்கையோடு தெருவுக்கு வந்தார்கள். 2000 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளின் சிறு பட்டறைகளையும் மூடக் கிளம்பினார்கள். தொழிலாளர்கள் தெருவில் திரண்டார்கள், போலீஸ் சுட்டது, உயிர்கள் பலியாயின. ஆலைகள் நின்ற நிலத்தில் பின்னால் பல இடங்களில் மாட மாளிகைகளும் கடை வளாகங்களும் எழுந்தன. ஆலைச் சங்கு ஓய்ந்தது. காற்று சுத்தமாயிற்றா? இல்லை. தொழிலாளி போனான், நிலத்துக்கு விலை வந்தது, புகை அப்படியே இருந்தது.

இன்றைக்கும் வசதி படைத்தவன் கதவைச் சாத்திக்கொண்டு காற்றுச் சுத்திகரிப்பு யந்திரத்தைப் போட்டுக்கொள்கிறான். சைக்கிள் ரிக்ஷா மிதிக்கிறவனும், தெருப் பெருக்குகிற பெண்ணும், இரவெல்லாம் வாசலில் நிற்கிற காவலாளியும் உழைக்க உழைக்க ஆழமாக மூச்சை இழுக்கிறார்கள். அதிகமாக நஞ்சை உள்ளே வாங்குகிறார்கள். குளிர் தாங்காமல் காவலாளி நாலு சுள்ளியை மூட்டினால் அது குற்றம்!

வேடிக்கைகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. 2021-ல் கன்னாட் பிளேஸில் இருபது கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் காற்றைச் சுத்தம் செய்யும் கோபுரம் கட்டினார்கள். சில நூறு மீட்டருக்கு அப்பால் அதனால் பயனில்லை. 2025 அக்டோபரில் விமானத்தை ஏற்றி மேகத்தில் உப்புத் தூவினார்கள். அந்தப் பருவத்தில் டில்லி வானத்தில் ஈரம் இராது என்பது பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். மழை பெய்யவில்லை, பணம் போயிற்று.

மலை நகரவில்லை, புகை குறைந்தது

1952 டிசம்பரில் லண்டன் மேல் இதே மூடி விழுந்தது. ஐந்து நாள். அப்போதைய சர்க்கார் கணக்கிலேயே 4,000 பேர் செத்தார்கள். பிற்கால ஆராய்ச்சிகள் 12,000 வரை சொல்லுகின்றன. அங்கும் முதலில் வானிலையைத்தான் குறை சொன்னார்கள். ஜனங்களின் கொதிப்புக்குப் பிறகு 1956-ல் சட்டம் வந்தது. நிலக்கரிப் புகை படிப்படியாக ஒடுங்கியது. தேம்ஸ் பள்ளத்தாக்கு அங்கேயேதான் இருக்கிறது.

பீகிங் நகரமும் கடலை விட்டு உள்ளே இருப்பது. வடக்கிலும் மேற்கிலும் மலை. அங்கும் குளிர்காலத்தில் மூடி விழுகிறது. 2013-ல் அங்கே நுண்தூசின் வருஷ சராசரி ஏறக்குறைய 90. நகரத்துக்குள் மட்டுமல்ல, சுற்றிலும் உள்ள மாகாணங்களிலும் சேர்த்து நிலக்கரியைக் குறைத்தார்கள். 2024-ல் சராசரி 30-ஐ ஒட்டி இறங்கியது. அங்கும் ஒரு பாடம் உண்டு: 2017 குளிர்காலத்தில் எரிவாயுக் குழாய் வருவதற்கு முன்பே சில கிராமங்களில் கரி அடுப்பைப் பிடுங்கிவிட்டார்கள். ஜனங்கள் குளிரில் நடுங்கினார்கள். பிறகு உத்தரவைத் தளர்த்த வேண்டியதாயிற்று. மாற்று கொடுக்காமல் ஏழையின் அடுப்பை அணைப்பது எங்கே நடந்தாலும் தவறுதான்.

ஆக, பூகோளம் குற்றத்துக்கு மன்னிப்பு அல்ல. பருவம் திடீரென்று வருகிற திருடனும் அல்ல. பஞ்சாங்கத்தில் எழுதிவைத்தபடி வருகிறது. ஆடியில் ஆற்றில் வெள்ளம் வரும் என்று தெரிந்தும் பங்குனியில் கரையைப் பலப்படுத்தாத அதிகாரியை "வெள்ளத்தின் குற்றம்" என்று விட்டுவிடுவோமா? ஐப்பசியில் பானைக்கு மூடி விழும் என்று தெரிந்தவன் சித்திரையிலேயே புகையைக் குறைக்க வேண்டும். மூடி விழுந்த பிறகு மண்வெட்டிக்காரனின் கூலியை நிறுத்துவது நிர்வாகமா?

என்ன வேண்டும்?

ஒன்று: மின்நிலையங்களுக்குக் கொடுத்த விலக்கை ரத்து செய்ய வேண்டும். பத்துக் கிலோமீட்டர் கணக்கைக் கைவிட்டு, காற்று வரும் திசை முழுவதிலும் கருவி பூட்ட வேண்டும்.

இரண்டு: 1998-ல் சொன்ன 10,000 பஸ்களை முதலில் விடு; பிறகு மேம்பாலம் பேசலாம்.

மூன்று: விவசாயிக்கு அபராதமல்ல, குவிண்டாலுக்கு நிச்சயமான தொகை, கூட்டுறவு மூலம் யந்திரம், நெல்லைத் தவிர மற்றப் பயிர்களுக்கும் நிஜமான கொள்முதல் விலை. வைக்கோல் கட்டும் வேலையில் விவசாயத் தொழிலாளிக்கு நியாயமான கூலி.

நான்கு: புகையின் பெயரால் வேலை நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் முழுக் கூலி, பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஐந்து: ஆலையின் புகையை நிறுத்து, ஆலையை நிறுத்தாதே. வடிகட்டிச் செலவு முதலாளி கணக்கில் ஏறட்டும்; தொழிலாளியின் வயிற்றில் அல்ல.

தோழர்களே! நாளைக்கு நம் ஊர் ஆலையைச் சுற்றிலும் புகை சூழ்ந்தாலும் இதே பாட்டு வரும். ஒரு நாள் காற்று என்பார்கள். ஒரு நாள் குன்று என்பார்கள். ஒரு நாள் கழனியில் நிற்கிறவனைக் கை காட்டி ஆலையில் நிற்கிறவனிடம் "உன் எதிரி இவன்" என்பார்கள். ஏமாற வேண்டாம். இரண்டு பேருடைய நுரையீரலும் ஒன்றுதான். இரண்டு பேருடைய கூலியையும் அமுக்குகிற கையும் ஒன்றுதான். காற்றுக்குப் பட்டா இல்லை. அதைக் கெடுத்தவன் கணக்குச் சொல்லியே தீர வேண்டும் என்று ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் ஒரே குரலில் கேட்போம்!